அழுதது போதும், சாட்சி எங்கே?

சகோதரர்களே! அந்தப் படத்தை உங்களால் மறந்திருக்க முடியாது.

இரு கைகளையும் கூப்பியபடி ஓர் இளைஞர். கண்களில் முட்டி நிற்கும் நீர். உயிர்ப்பிச்சை கேட்கும் முகம். 2002 மார்ச் 1-ஆம் தேதி, குஜராத் பற்றி எரிந்தபோது, அஹ்மதாபாத்தில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் அது. (2004 சுனாமியின்போது நம் கடலூரில், உறவை இழந்து மண்ணில் விழுந்து கதறிய பெண்ணைப் படமெடுத்து உலகப் பரிசு பெற்றவரும் இவரே.) வன்முறைக் கும்பல் சூழ்ந்துகொண்ட கட்டடத்தின் மாடியில் நின்று, கீழே வந்த அதிரடிப்படையினரைப் பார்த்து அந்த இளைஞர் கை கூப்பினார். ஒரு நொடி. கேமரா கிளிக் செய்தது. மறுநாள் அவர் முகம் உலகத்தின் சொத்தாகிவிட்டது.

நீங்களும் பார்த்தீர்கள். பார்த்து அழுதீர்கள். நாமும்தான் அழுதோம். அதோடு நிற்கவில்லை. சுவரொட்டி அடித்தோம். மாநாட்டு மேடையில் ஆளுயரத்துக்குக் கட்டினோம். நிதி திரட்டிய துண்டறிக்கையில் போட்டோம். "இந்தக் கண்ணீருக்கு என்ன பதில்?" என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கினோம்.

சரி, அந்தக் கண்ணீருக்குச் சொந்தக்காரர் என்ன ஆனார்? என்றைக்காவது விசாரித்தோமா?

முகத்தைப் பறிகொடுத்தவர்

அவர் ஒரு தையற்காரர். உயிர் பிழைத்தார். ஆனால் படம் அவரை விடவில்லை. பிழைப்புத் தேடி மாலேகானுக்குப் போனார். அங்கேயும் முகம் காட்டிக்கொடுத்தது, வேலை போயிற்று. 2003-ல் மேற்கு வங்க அரசு அழைத்தது, கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். சில காலம் கழித்துச் சொந்த ஊருக்கே திரும்பினார். அதன் பிறகும் தேர்தலுக்குத் தேர்தல் அவர் முகம் விலை போனது. 2016-ல் அஸ்ஸாம் தேர்தலின்போது காங்கிரஸ் விளம்பரத்திலும் அவர் படம் வந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. அரசியல் கட்சிகளும், சினிமாவும், பயங்கரவாதக் கூட்டங்களும் கூடத் தன்னைப் பயன்படுத்திக் கொண்டதாக அப்போது அவர் மனம் நொந்து பத்திரிகையில் சொன்னார். அப்பாவை எப்போது படத்தில் பார்த்தாலும் ஏன் அழுதுகொண்டும் கெஞ்சிக்கொண்டுமே இருக்கிறார் என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். பதில் சொல்ல முடியவில்லையாம்.

சகோதரர்களே! அந்தப் பிள்ளைகளின் கேள்வி காங்கிரஸுக்கு மட்டுமா? நமக்கும்தான். ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே மிக இழிவான நொடியை எடுத்து, அவர் அனுமதியில்லாமல் ஊர் முழுக்க ஒட்டுவது எந்த மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது? அடுத்தவர் மானம் காப்பது கடமை என்று ஜும்ஆவில் கேட்கிறோம். வெளியே வந்து பசை வாளியைத் தூக்குகிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயரை எழுதவில்லை. படத்தையும் போடவில்லை.

"படம் போட்டால்தானே மக்கள் விழிப்பார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படம் விழிக்க வைக்கும். ஆனால் எவ்வளவு நேரம்?

படம் போரை நிறுத்தியதா?

1972 ஜூன் 8. வியட்நாமின் டிராங் பாங் கிராமம். தென் வியட்நாம் விமானம் வீசிய நேபாம் குண்டில் உடல் வெந்து, உடையில்லாமல் ஓடி வருகிறாள் ஒன்பது வயதுச் சிறுமி. அந்தப் படம்தான் போரை நிறுத்தியது என்று இன்றும் மேடையில் பேசுகிறார்கள். உண்மை என்ன? படம் வெளியாகி ஆறு மாதம் கழித்து, அதே ஆண்டு டிசம்பரில்தான் அமெரிக்கா ஹனோய் நகரின் மீது குண்டு மழை பொழிந்தது. போர் முடிந்தது 1975 ஏப்ரல் 30-ல். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்!

2015 செப்டம்பர் 2. துருக்கியின் போட்ரம் கடற்கரையில் சிவப்புச் சட்டையோடு முகம் குப்புறக் கிடந்தது சிரியாவின் பச்சிளம் பாலகன். நிலூஃபர் தெமிர் என்ற பெண் எடுத்த படம். ஐரோப்பாவே அழுதது. ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிரிய அகதிகள் நிதிக்கு அந்த ஒரு வாரத்தில் நாள்தோறும் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை முன்பைவிட நூறு மடங்கானது என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: சில வாரங்களில் அந்த வெள்ளம் வடிந்துவிட்டது. அடுத்த மார்ச் மாதமே ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு, அந்தப் பாலகனின் குடும்பம் வந்த வழியையே அடைத்தது. அழுத கண்களே கதவையும் சாத்தின!

2023 அக்டோபர் 17. காஸாவின் கான் யூனிஸ் நகர மருத்துவமனை. வெள்ளைக் கஃபனில் சுற்றிய குழந்தையை மடியில் அணைத்து, முகம் புதைத்துக் கிடக்கிறார் ஒரு பெண். முஹம்மது ஸாலிம் எடுத்த அந்தப் படத்துக்கு 2024-ல் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது. விருது கொடுத்தார்கள். குண்டு நின்றதா?

படம் இதயத்தைத் தட்டுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் தட்டிய கை அங்கேயே நிற்பதில்லை. நாளை வேறொரு படம் வரும். நேற்று அழுதவர் இன்று பக்கத்தைப் புரட்டுவார்.

உலகமே பார்த்தது, நீதிமன்றம்?

இனி நம் சொந்தக் காயத்துக்கு வருவோம்.

1992 டிசம்பர் 6. பாப்ரி மஸ்ஜிதின் குவிமாடத்தின் மீது ஏறி நின்றவர்களின் படத்தை அறியாதவர் யார்? ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டுகிறோமே, அதே படம்தான். இடித்தவர்களுக்குக் கேமராவின் பலம் தெரிந்திருந்தது. அதனால்தான் அன்று பத்திரிகைப் புகைப்படக்காரர்களை அடித்துக் கேமராக்களை நொறுக்கினார்கள். அதற்கு முந்தைய நாளே, கயிறு கட்டி இழுத்து ஒத்திகை பார்த்ததைக் கரசேவகர் கூட்டத்துக்குள் புகுந்து படமெடுத்திருந்தார் பிரவீன் ஜெயின் என்ற பத்திரிகையாளர். பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சாட்சியும் சொன்னார். அவர் முஸ்லிம் அல்ல. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

28 ஆண்டுகள் கழித்து, 2020 செப்டம்பர் 30-ல் லக்னோ சிபிஐ சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 32 பேரும் விடுதலை! முன்கூட்டித் திட்டமிட்டது அல்ல என்றது. ஏன்? நீதிமன்றம் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். புகைப்படங்களின் நெகட்டிவ் தாக்கல் செய்யப்படவில்லை. வீடியோ நாடாக்கள் முத்திரையிட்ட உறையில் இல்லை, தெளிவாகவும் இல்லை. ஒத்திகைப் படம் இருந்தும், உலகமே கண்ணால் பார்த்திருந்தும், கோப்பில் அது நிற்கவில்லை! முந்தைய ஆண்டுதான், 2019 நவம்பர் 9-ல், மஸ்ஜிதை இடித்தது சட்டத்தின் ஆட்சியை மீறிய செயல் என்று உச்ச நீதிமன்றமே எழுதியிருந்தது. குற்றம் உண்டு, குற்றவாளி இல்லை!

ஆத்திரம் வருகிறதா? வரட்டும். சாட்சியத்தைப் பாதுகாத்து ஒப்படைக்க வேண்டிய அரசு இயந்திரம் தவறியது உண்மை. ஆனால் சகோதரர்களே, 28 டிசம்பர்களாக நாம் சுவரொட்டி அடித்த செலவில் நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்று தேட எத்தனை ரூபாய் ஒதுக்கினோம்?

சொல் நின்றது

இப்போது இன்னொரு கோப்பைத் திறவுங்கள். அதே குஜராத், அதே 2002 மார்ச். பில்கிஸ் பானு. அவர் பாலியல் கொடுமைக்கு ஆளானார். அவருடைய மூன்று வயது மகள் உள்ளிட்ட குடும்பத்தாரைக் கொன்றார்கள். அந்தக் கொடூரத்தின் படம் எந்த அட்டையிலும் வரவில்லை. அவரிடம் இருந்தது அவருடைய சொல் மட்டும்தான். உள்ளூர் போலீஸ் வழக்கை மூடியது. அவர் விடவில்லை. மனித உரிமை ஆணையம், உச்ச நீதிமன்றம், சிபிஐ என்று ஏறினார். 2004-ல் வழக்கு குஜராத்தை விட்டு மும்பைக்கு மாறியது. 2008-ல் 11 பேருக்கு ஆயுள் தண்டனை. 2017-ல் உயர் நீதிமன்றம் போலீஸாரையும் மருத்துவர்களையும் கூடக் குற்றவாளிகள் என்றது. 2022 ஆகஸ்ட் 15-ல் 11 பேரையும் குஜராத் அரசு விடுவித்தது. சிறை வாசலில் மாலை மரியாதை! மீண்டும் நீதிமன்றம் போனார். 2024 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது.

அபூ குரைப் சிறையையும் பாருங்கள். முகமூடி மாட்டிப் பெட்டியின் மேல் நிறுத்தப்பட்ட கைதியின் படம் 2004-ல் வெளியானது. உலகம் கொதித்தது, அடங்கியது. சிறைக்கு விசாரணையாளர்களை அனுப்பிய அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் மீது முன்னாள் கைதிகள் 2008-ல் வழக்குப் போட்டார்கள். 16 ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 2024 நவம்பரில் மூன்று இராக்கியருக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்கும்படி அமெரிக்க ஜூரியே தீர்ப்பளித்தது. படம் வெளியான ஆண்டில் உலகம் அழுதது. தீர்ப்பு வந்தது விடாமல் நின்று வாயால் சாட்சி சொன்னவர்களுக்கு!

காஸாவுக்காகவும் 2023 டிசம்பர் 29-ல் 84 பக்க மனுவோடு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது தென்னாப்பிரிக்கா. 2024 ஜனவரி 26-ல் இடைக்கால உத்தரவு வந்தது. அந்த உத்தரவும் கொலையை நிறுத்தவில்லை என்பது வேதனை. ஆனால் இஸ்ரேல் குற்றவாளிக் கூண்டருகே வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் செய்தது தேதியும் இடமும் பெயரும் எழுதிய காகிதம்.

பொய்ப் படம் இருமுனைக் கத்தி

மற்றொரு ஆபத்தையும் மறக்காதீர்கள். 2010-ல் திபெத்தியப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் உடல்கள் நடுவே புத்த பிக்குகள் நிற்கும் படத்தை, 2012-ல் "பர்மாவில் கொல்லப்பட்ட முஸ்லிம்கள்" என்று பரப்பினார்கள். நம்மவர்களும் பரப்பினார்கள்! ரோஹிங்யா மக்களுக்கு நடந்த கொடுமை உண்மை. அந்த உண்மைக்குப் பொய்ப் படம் எதற்கு? ஒரு பொய் அகப்பட்டால் நூறு உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அதே கத்தி நம் கழுத்துக்கும் வந்தது. 2013-ல் முஸஃப்பர்நகரில் என்ன நடந்தது? பாகிஸ்தானின் சியால்கோட்டில் 2010-ல் இரு இளைஞர்களை அடித்துக் கொன்ற வீடியோவை, முஸ்லிம்கள் இங்கே செய்ததாகச் சொல்லிப் பரப்பினார்கள். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பல்லாயிரம் முஸ்லிம்கள் வீடிழந்தார்கள். விசாரிக்காமல் நம்புகிற கூட்டம் யார் பக்கம் இருந்தாலும் நெருப்புத்தான். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் கட்டளையிட்டது எதற்காக?

கணக்கு எழுதுங்கள்!

வியாபாரப் பெருமக்களே! ரசீது இல்லாமல் சரக்கு எடுப்பீர்களா? அழுதுகொண்டு கடன் கேட்டான் என்பதற்காகப் பேரேட்டில் எழுதாமல் கொடுப்பீர்களா? குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. காசுக்கே இத்தனை கணக்கு என்றால், உயிருக்கும் மானத்துக்கும் எத்தனை கணக்கு வேண்டும்?

ஆகவே, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு தொடங்குங்கள். சம்பவம், தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர் எல்லாம் அதில் ஏறட்டும். பைத்துல்மாலில் ஒரு பங்கை வழக்கறிஞருக்கும், சாட்சி சொல்பவர் குடும்பத்துக்கும் ஒதுக்குங்கள். சாட்சி சொல்லப் போனவன் கடை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், அந்த வாடகை நம் கடமை.

இளைஞர்களே! உங்கள் கையில் இருக்கும் செல்போன் ஒரு சாட்சி. படம் எடுத்தால் மூலப் படத்தை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், எழுத்து ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் நகலில் எடுத்த நேரமும் இடமும் பற்றிய குறிப்புகள் காணாமல் போகும். எடுத்த கருவியையே ஒப்படைக்காவிட்டால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவும் அதையே கேட்கிறது. வழக்கறிஞரிடம் கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் சம்மதிக்காமல் அவர் முகத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கை கூப்பி நின்ற அந்தச் சகோதரர் அன்று கேட்டது உயிர்ப் பாதுகாப்பு. நாம் அவருக்குக் கொடுத்தது சுவரொட்டி. இந்த டிசம்பர் 6-க்குப் பசை வாளியைத் தூக்கும் முன் அந்தப் பிள்ளைகளின் கேள்வியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை ஒரு படம் உங்கள் கண்ணை நனைத்தால் தாராளமாக அழுங்கள். ஈமான் உள்ள நெஞ்சு அழத்தான் செய்யும். துடைத்துவிட்டுப் பேனாவை எடுங்கள். யார், எங்கே, எப்போது, யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள்.

நீதிக்குச் சாட்சியாக நிற்கும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!