பயம் ஆருடையது?

நூறு பிரதி மட்டும், கெட்டி அட்டை, கையொப்பம்: பேய்க்கதையை அலமாரியில பூட்டி வைக்கிற சாமானாக்கிறது இப்ப நாகரிகம். சேர்க்கிறவை சேர்க்கட்டும். எங்கட சண்டை வேறை.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை எடுங்கோ. பிச்சைக்கு வந்த பெண்ணை வீட்டுக்காரி வேலைக்கு வைக்கிறா. பயம் வீட்டுக்காரருக்கு, கதை சொல்லுறதும் அவர்தான். சந்தேகம் மட்டும் வேலைக்கு வந்தவள் மேல. நல்ல கதை, மறுக்கேல்லை. ஆனா அந்நிய வீட்டுக்குள்ள கால் வைக்கிறவளின் பயத்தை எத்தனை பேர் எழுதினவை?

மூதூர் ரிசானா நபீக் 2005 இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகேக்க வயது 17. கடவுச்சீட்டில வயதைக் கூட்டிப் போட்டிருந்தாங்கள். பிள்ளை பராமரிக்கப் பழகாதவளின் பொறுப்பில நாலு மாதக் குழந்தை. சில கிழமையில குழந்தை இறந்தது. கொலைக்குற்றம் சாட்டி, 2013 ஜனவரி 9 இல் அவளின் தலையை வெட்டினார்கள். இதைவிடத் திகில் கதை எது?

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போற பஸ்சில இருந்து, பூட்டிக் கிடக்கிற புங்குடுதீவு வீடுகளைப் படம் பிடிச்சு 'பேய்வீடு' எண்டு எழுதுறவைக்கும் இதைத்தான் சொல்லுறம். அந்த முற்றத்தைக் கூலிக்குக் கூட்டுற மனிசியிட்ட முதல்ல கேளுங்கோ, அவ எதுக்குப் பயப்பிடுறா எண்டு. பிறகு எழுதுங்கோ. மலிவுப் பதிப்பிலயே போடுங்கோ, அவவும் வாங்கட்டும்.