மேகசின் வாய்

எங்கள் ஊர் மல்லாங்கிணறு. கரிசல் காடு, சீமைக் கருவேலம், விடிகாலையில் ரோட்டோரம் மூச்சிரைக்க ஓடும் பையன்கள். ஆர்மி செலக்‌ஷனுக்கான ஓட்டம் அது. மழையை நம்பி விதைக்க முடியாத சீமையில் பட்டாளச் சம்பளம்தான் பொய்க்காத வெள்ளாமை. அதனால் துப்பாக்கியைப் பற்றிப் பேச எங்களுக்கும் பாத்தியதை உண்டு.

யூடியூபில் துப்பாக்கிப் பெருமை பேசுகிறவர்களைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. எத்தனை மீட்டர் பாயும், நிமிஷத்துக்கு எத்தனை ரவுண்டு, எந்த நாடு நடுங்கும். ஒருத்தராவது மேகசினைப் பற்றிப் பேசுகிறாரா? அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பற்றி?

என் தாய்மாமா எஸ்.எல்.ஆர். தூக்கியவர். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும். அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். அரைத் தானியங்கி. அவர் சொல்வார்: "மாப்ள, குழாய் நல்லாருக்கான்னு எல்லாப் பயலும் பாப்பான். மேகசின் வாய் லேசா நெளிஞ்சிருந்தாப் போதும், தோட்டா ஏறாது. அப்புறம் உங் கையில இருக்கது நாலு கிலோ கம்பு."

எஸ்.எல்.ஆருக்குப் பதிலாக வந்தது இன்சாஸ். 5.56 மி.மீ. நம் நாட்டிலேயே வடிவமைத்தது, நம்ம திருச்சியிலும் செய்தது. மிச்சத் தோட்டா வெளியே தெரியட்டும் என்று மேகசினைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 1999 கார்கில் குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட்டது. 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட்டில் மாவோயிஸ்டுகளோடு நடந்த சண்டையில் 43 நேபாள வீரர்கள் செத்தார்கள். இன்சாஸ் சதி பண்ணிவிட்டது என்றது நேபாள ராணுவம். பயன்படுத்திய விதம் தப்பு என்றது இந்தியத் தரப்பு. யார் சொன்னது சரியோ, துப்பாக்கியைச் சந்தேகிக்கிற நிலைமையில் ஒருவனைச் சண்டைக்கு அனுப்பியதே தோல்விதான்.

இதைச் சொன்னால் உடனே "ராணுவத்தைக் கேவலப்படுத்துறியா?" என்று வருவார்கள். வியட்நாமில் அமெரிக்கர்களின் எம்-16 சிக்கிச் சிக்கி நின்றது. வெடிமருந்தை மாற்றியிருந்தார்கள், தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூசாமல் விட்டிருந்தார்கள். 1967இல் அவர்களுடைய நாடாளுமன்றக் குழுவே விசாரித்து ராணுவ நிர்வாகத்தைக் கிழித்தது. பிறகு குரோம் பூசினார்கள். அதனால் அவர்கள் தேசம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

"அதான் இப்ப ஏகே-203 வந்துருச்சே" என்பது அடுத்த வாதம். 2021இல் ஆறு லட்சத்துக்கும் மேல் ஒப்பந்தம், அமேதி பக்கம் கோர்வாவில் உற்பத்தி. வரட்டும். ஆனால் கலாஷ்னிகோவ் என்ற பேர் துப்பாக்கியைக் காப்பாற்றாது. ரஷ்யர்களே ஆரம்பத்தில் தகட்டை அழுத்தி உடல்பாகம் செய்து, கழிவு கூடிப் போனதும் அந்த முறையைக் கைவிட்டார்கள். எடை கூடினாலும் பரவாயில்லை என்று இரும்புக் கட்டியைக் கடைந்தே செய்தார்கள். தகடு திரும்பி வந்தது 1959இல், ஏகேஎம்மில். அவர்களிடம் நான் மதிப்பது அந்தக் கழித்துக்கட்டும் தைரியத்தை.

என் கேள்வி இதுதான். நம்மிடம் ஒரு சுமை ஸ்பிரிங் சரியில்லை என்றால் "வேணாம், திருப்பி அனுப்பு" என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? அப்படிச் சொன்னவருக்குப் பதவி உயர்வா, இடமாற்றலா? சுடப்போகிறவன் குரல் அந்த மேசைவரை போகிறதா? இதற்குப் பதில் சொல்லாமல் கொடி பறக்கும் வீடியோ போடாதீர்கள்.

மாமா இப்போது விவசாயம். போன மாசம் கிணற்று மோட்டாருக்கு புட்வால்வு வாங்க அருப்புக்கோட்டை போனோம். கடைக்காரர் மோட்டார் கம்பெனியின் பெருமையைப் பேசிக்கொண்டே இருந்தார். மாமா காதில் வாங்கவில்லை. வாஷரை விரலால் அமுக்கிப் பார்த்து மூன்றை ஒதுக்கிவிட்டு, நாலாவதை எடுத்தார்.

"என்ன சார், தண்ணி எடுக்கத்தானே?" என்றார் கடைக்காரர் சலிப்பாக.

"தண்ணிக்கே இவ்ளோ பாக்கணும்ப்பா" என்றார் மாமா.