லேஸ் பெட்டிக்கு வீடு எங்கே?

திருவண்ணாமலைக் கோவில் சுவர்களில் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. பார்த்திருப்பீர்கள். சோழர் காலத்து எழுத்தும் உண்டு. விஜயநகர மன்னர் காலத்து எழுத்தும் உண்டு.

சோழர் காலத்தில் நந்தா விளக்கு வைக்க விரும்பியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விளக்கை மட்டும் கொடுத்து விட்டுப் போகவில்லை. ஆடுகளையும் கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது அந்தக் காலத்துக் கணக்கு. ஆடு பெருகும், நெய்க்குக் குறைவு வராது என்பது எண்ணம்.

இந்த யோசனை இன்று நூலுக்கும் துணிக்கும் தேவைப்படுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

துரைசானி தொடங்கிய வேலை

1819-ல் மார்த்தா மால்ட் என்ற ஆங்கில மாது கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்தார். அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். தென்கோடியில் இதை ரேந்தை என்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொல் அது.

லேஸ் பின்ன ஒரு திண்டு வேண்டும். அதன் மேல் தடித்த தாளை விரிப்பார்கள். தாளில் பூவும் கொடியும் துளைத் துளையாகக் குத்தியிருக்கும். துளைகளில் குண்டூசி நிற்கும். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஊசிகளைச் சுற்றிப் பின்னுவார்கள். கட்டைகள் டக்டக் என்று பேசும்!

அந்தப் பணம் பெண்களின் கைக்கு வந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. மேஜை விரிப்பின் ஓரத்தில் தொங்கும் லேஸ்தானே என்று நினைக்க வேண்டாம்!

மால்ட் தம்பதியின் மகள் எலைசா. அவர் 1844-ல் கால்டுவெல்லை மணந்தார். நெல்லைச் சீமையின் இடையன்குடியில் குடியேறி, அங்கும் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். கணவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ல் அச்சானது. அது எந்தப் பெரிய நூலகத்திலும் கிடைக்கும். மனைவி கற்பித்த வேலைக்கு அச்சுப் புத்தகம் இல்லை. அது கைக்குக் கை வந்தது.

எடைக்குப் போகும் பெட்டி

இப்படிப்பட்ட கலை தெரிந்த ஒரு பாட்டி இறந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே மாதிரித் துண்டுகள், துளைத் தாள்கள், கட்டைகள், பழைய தையல் புத்தகங்கள். பேரன் வெளிநாட்டில். மருமகளுக்கு வீட்டில் இடம் இல்லை.

என்ன ஆகும்? புத்தகம் எடைக்குப் போகும். தாள் குப்பைக்குப் போகும். அழகான துண்டு ஒன்றைக் காட்சிசாலை கேட்டு வாங்கினாலும், அதோடு தாள் வராது. தாள் இல்லாத லேஸைப் பார்க்கலாம். அதே போல மறுபடி பின்னுவது மிகக் கஷ்டம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.

போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். புத்தகத்துக்குப் போதும். லேஸுக்குப் போதாது. நூலை எவ்வளவு இறுக்கினார்கள் என்பது கையில் எடுத்துப் புரட்டினால்தான் தெரியும்.

நடந்த கதை

முடியாத காரியமா இது? செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஓவியர் இருந்தார். நாவல், நாடக நோட்டீஸ், பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று எதையும் விடாமல் சேர்த்தார். சுமார் 1 லட்சம் உருப்படி சேர்ந்தது. அவர் 1992-ல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் நூலகம் அமைந்தது. இன்று தரமணியில் இருக்கிறது. வேண்டியவர் போய்ப் படிக்கலாம்.

வாங்கியவர் அயல்நாட்டார் என்பதில் கொஞ்சம் வெட்கப்பட இடம் இருக்கிறது.

பெல்ஜியத்தில் புரூகஸ் என்ற ஊர் லேஸுக்குப் பேர் போனது. பழைய லேஸ் பள்ளிக் கட்டடத்தையே புதுப்பித்து, 2014-ல் லேஸ் நிலையத்தை அங்கே கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் காட்சி. இன்னொரு பக்கம் வகுப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும். பழைய துண்டு பூட்டில் இருக்கட்டும். அதைப் பார்த்துப் பின்னிய புதுத் துண்டு பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.

ஆரணிக்கும் வேண்டும்

இது தெற்கத்திக் கதை என்று திருவண்ணாமலைக்காரர்கள் இருந்துவிட முடியாது. அதே மாவட்டத்தில்தான் ஆரணி இருக்கிறது. பட்டுச்சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் ஜக்கார்டு அட்டைகள் உண்டு. அவையும் துளைத் தாள்தான்! ஒரு டிசைன் ஓடாமல் போனால் அட்டை மூலைக்குப் போகும். பிறகு?

குமரி மாவட்டத்து லேஸ் அந்தப் பக்கமே இருக்கட்டும். ஆரணி அட்டைக்கும் பழைய சேலைக்கும் ஆரணியில் ஒரு வீடு வேண்டும். கட்டடம் எழுப்பப் பணம் கிடைத்துவிடும். திறப்பு விழாவுக்கும் கூட்டம் வரும். பத்தாம் வருஷம் அங்கே காவலுக்கும் நூலகருக்கும் சம்பளம் யார் கொடுப்பது? முதலிலேயே ஒரு தொகையை வங்கியில் போட்டு, வட்டியில் நடத்த வேண்டும். கூட்டுறவுச் சங்கமும் வியாபாரிகளும் சேர்ந்தால் முடியும். 96 ஆட்டுக் கணக்கு இதுதான்.

அதுவரை வீட்டில் உள்ளவர்கள் ஒன்று செய்யலாம். பழைய லேஸையும் சேலையையும் வெயில் படாமல், மடிப்பு விழாமல் சுருட்டி, சுத்தமான பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள்: செய்தவர் பெயர், ஊர், வருஷம். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.