முற்றுப்புள்ளி வைக்கப் பயப்படுகிற நாங்கள்

இறுதி வருட ஆய்வுக்கு நான் முதன்முதலில் கொண்டுபோன தலைப்பு இது: 'யுத்தத்திற்குப் பின்னரான வடமாகாணத்தில் பெண்களின் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு'. இரண்டு நாள் யோசித்து, கன்ரீனில் நாலு பேருக்குக் காட்டி, எல்லோரும் "சுப்பர்" என்ற பிறகுதான் கொண்டுபோனேன். மேற்பார்வை செய்கிற மிஸ் அதை ஒருதரம் வாசித்தார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு நீர் சொல்லப்போற பதில் பிழைச்சுப் போக வாய்ப்பிருக்கோ?"

எனக்கு விளங்கவில்லை. பிழைக்காமல் இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன்.

"பெண்கட நிலை கஷ்டம் எண்டு எழுதுவீர். சில விசயத்தில முன்னேறியும் இருக்கினம் எண்டு எழுதுவீர். ரெண்டும் சரிதான். ஆரும் உம்மோட சண்டைக்கு வர ஏலாது. அப்ப என்னத்துக்கு ஆய்வு?"

அடுத்த கிழமை திருத்திக்கொண்டு போனேன். திருத்தியது என்னவென்றால், 'வடமாகாணம்' என்பதை வெட்டிவிட்டு எங்கட பிரதேச செயலாளர் பிரிவின் பெயரைப் போட்டு, 'மையமாகக் கொண்ட' என்று சேர்த்தேன். மிஸ் சிரித்தார். "இடம் சின்னனாப் போச்சு. கேள்வி இன்னும் அதே பெரிசு."

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமே அந்த வசனம்தான். கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் ஆய்வுத் தலைப்பைச் சுருக்குவது என்றால் வரைபடத்தில் சுருக்குவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாகாணத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து பிரதேச செயலகம், அதிலிருந்து ஒரு கிராம சேவையாளர் பிரிவு. 'மையமாகக் கொண்ட' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தவுடன் கேள்வி கூராகிவிட்டது என்று ஒரு நிம்மதி. ஆனால் ஒரு ஒழுங்கைக்குள் போய் நின்றாலும் 'பெண்களின் பொருளாதார நிலை' என்பது கேள்வி இல்லை. அது ஒரு தலைப்பு மட்டும்தான். கேள்வி என்றால் அதன் கடைசியில் ஒரு கேள்விக்குறி வைக்க முடியவேண்டும். அதற்கு வருகிற பதில் நாங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக இருக்கவும் இடம் இருக்கவேண்டும்.

என் கேள்வி கடைசியில் எங்கட குசினியில்தான் கிடைத்தது.

அம்மா சீட்டுக் கட்டுறவ. உங்கட வீட்டிலும் ஆராவது கட்டியிருப்பார்கள். எங்கட ஊர்ச் சீட்டில் 20 பேர், எல்லோரும் பெண்கள். மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு ஒரு லட்சம். தொடக்கத்திலேயே குலுக்கி, ஆருக்கு எந்த மாதம் என்று கொப்பியில் எழுதிவைத்துவிடுவார்கள். வட்டி இல்லை, கையெழுத்து இல்லை, சீட்டுப் பிடிக்கிற அக்காவின் கொப்பி மட்டும்தான் சாட்சி. அந்தச் சீட்டு 2021 பெப்ரவரியில் தொடங்கியது. அம்மாவுக்கு விழுந்தது 20ஆம் நம்பர். அதாவது 2022 செப்டெம்பர்.

அந்த மாதம் என்ன மாதம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போன மாதம். ஒரு வருடத்துக்கு முதல் ஒரு லட்சத்துக்கு வாங்கிய சாமானுக்கு அப்போது கிட்டத்தட்ட ஒரு லட்சத்து எழுபதாயிரம் வேணும். அல்லது இப்படிச் சொல்லலாம்: அம்மாவின் கையில் வந்த ஒரு லட்சம், முந்தைய வருடக் கணக்கில் 59,000 ரூபாய்க்குத்தான் பெறுமதி. குசினிக்கு முழுக்கூரையும் மாற்றலாம் என்று இருந்தவ, அரைவாசிக்குத்தான் மாற்றினா. மற்ற அரைவாசி இன்றைக்கும் பழைய தகரம்தான்.

இதே சீட்டில் முதல் மாதங்களில் எடுத்தவர்கள் நல்ல பெறுமதியில் எடுத்து, பெறுமதி இறங்கிய காசைத் திருப்பிக் கட்டினார்கள். கடைசியில் நின்றவர்கள் நல்ல காசைக் கட்டி, இறங்கிய காசை எடுத்தார்கள். ஆரும் ஆரையும் ஏமாற்றவில்லை. கொப்பியில் எல்லாம் சரி. ஆனாலும் நட்டம் சிலருக்கு மட்டும்தான்.

"முறையை முன்னுக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேட்டிருக்கலாம்தானே அம்மா?"

"கேக்கலாம். கேட்டா வீட்டில காசில்லை எண்டு ஊருக்குத் தெரியவரும்."

அடுத்த கிழமை மிஸ்ஸிடம் நான் கொண்டுபோனது இதுதான்: 2022இல் இந்தச் சீட்டில் பின் நம்பர் வைத்திருந்த பெண்களில் ஆர் தங்கள் முறையை முன்னுக்குக் கேட்டார்கள், எப்போது, ஆர் விட்டுக்கொடுத்தார்கள்? மிஸ் இரண்டுதரம் வாசித்துவிட்டு, "இப்ப நீர் பிழைக்கலாம். போய்ச் செய்யும்" என்றார்.

கேள்வி சுருங்கியதும் வேலை குறைந்தது என்று நினைக்கவேண்டாம். கூடியது. பெரிய தலைப்புக்கு நாலு புத்தகமும் ஒரு புள்ளிவிபரக் கையேடும் போதும். இந்தச் சின்னக் கேள்விக்கு 14 வீடு ஏறி இறங்கவேண்டி இருந்தது, அதில் சில வீடுகளுக்கு மூன்றுதரம்.

இனித்தான் இரண்டாவது பிரச்சினை. கேள்வி கூராகியும் என் எழுத்து கூராகவில்லை. முதல் அத்தியாயத்தில் நான் எழுதிய ஒரு வசனத்தை அப்படியே தருகிறேன், சிரிக்காமல் வாசியுங்கள்:

'இலங்கையில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியானது கிராமப்புறப் பெண்களின் வாழ்வாதாரத்தில் பாரிய தாக்கத்தினை ஏற்படுத்தியுள்ளதோடு அவர்களது சேமிப்புப் பழக்கவழக்கங்களிலும் மாற்றங்களைத் தோற்றுவித்து பல்வேறு சவால்களுக்கு முகங்கொடுத்து வருகின்ற நிலைமை காணப்படுகின்றமையை அவதானிக்கக்கூடியதாகவுள்ளது.'

இதை ஆர் எழுதியது என்று கேட்டால் எங்கட பீடத்தில் அரைவாசிப் பேர் கையை உயர்த்துவார்கள். நாங்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம். உயர்தரத்துக்கு ரியூசனில் பாடமாக்கிய காலத்திலிருந்து, நீளமாக எழுதினால் கனமாக எழுதியது என்று பழகிவிட்டோம். ஆனால் அந்த வசனத்தில் ஆர் இருக்கிறார்கள்? ஆர் அவதானித்தது? எந்தச் சவால்? மாற்றம் என்றால் கூடியதா, குறைந்ததா? முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்றுதான். அது வருவதற்கு முன்னம் வாசிக்கிற ஆள் களைத்துப்போவார். களைத்த ஆள் கேள்வி கேட்கமாட்டார். அதுதான் எங்களுக்கும் வசதி.

அதையே உடைத்து எழுதிப் பார்த்தேன். 'சீட்டில் 20 பேர் இருந்தார்கள். 14 பேரோடு பேசினேன். அவர்களில் நாலு பேர் முறையை முன்னுக்குக் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்குக் கிடைத்தது.' எழுதி முடித்ததும் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் இதில் ஒவ்வொரு வசனத்தையும் ஆரும் போய்ச் சரிபார்க்கலாம். 'நாலு பேர் இல்லை, ஐஞ்சு பேர்' என்று ஒருவர் சொன்னால் நான் பிழை.

பெரிய தலைப்பும் முடியாத வசனமும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. எங்கேயும் பிடிபடாமல் இருக்கவேணும் என்ற பயம்.

இதற்குத் தமிழைக் குறை சொல்வது சுலபம். தமிழில் செய்து, போய், வந்து, கேட்டு என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம்தான். ஆனால் எங்கே முடிகிறது என்பதற்குத் தமிழ் இலக்கணம் எப்போதோ பெயர் வைத்திருக்கிறது. முடிந்தது முற்று, முடியாமல் நிற்பது எச்சம். ஓலைச்சுவடிகளில் இன்று நாங்கள் போடுகிற காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இல்லை. வாசிக்கிறவரே வினைமுற்றைக் கண்டு நிறுத்திக்கொள்ளவேணும். இந்தக் குறிகள் அச்சோடு ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தவை. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) தன்னுடைய உரைநடை நூல்களில் அவற்றை ஒழுங்காகப் பாவித்ததைத்தான் இன்றைக்கும் வகுப்பில் படிக்கிறோம். சோதினைக்கு அதைப் பற்றிப் பத்துவரி எழுதுகிறோம். அந்தப் பத்துவரியும் ஒரே வசனமாக இருக்கும்.

சரி, புள்ளி எங்கே வைத்தால் என்ன, கருத்து ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு நேர்காணலில் மாட்டுப்படும் வரைக்கும்.

முறையை முன்னுக்குக் கேட்டு வாங்கிய மூன்று பேரில் ஒரு அன்ரி, என் போனில் பதிவான குரலில், இப்படிச் சொல்கிறார்: "மாமி செத்தவ. நான் சீட்டை முன்னுக்குக் கேட்டனான்." இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு இருந்தது. நான் அதை எழுத்தாக்கும்போது அந்த மூச்சை எடுத்துவிட்டேன். ஆய்வேட்டில் எழுதியது: 'மாமியாரின் மரணச் செலவு காரணமாக அவர் தமது முறையை முன்கூட்டியே கோரினார்.' வாசிக்க நல்ல லட்சணமாக இருந்தது.

மிஸ் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார். "செலவு எண்டு அவ சொன்னவவோ, நீர் சொன்னீரோ?"

நான்தான். மற்றநாள் பின்னேரம் திரும்பப் போய்க் கேட்டேன். அன்ரி தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னா: "செத்தவீட்டுச் செலவு முழுக்க மரண சகாயச் சங்கம் பாத்தது, பிள்ளை. சீட்டுக் காசு மகளின்ர படிப்புக்கு. மாமி இருந்திருந்தா நான் போய்க் கேட்டிருக்க ஏலாது. குடும்ப மானம் போயிடும் எண்டு விடமாட்டா. அவ போனாப்பிறகுதான் வாய் திறந்தனான்."

இரண்டு வசனத்தை நான் ஒன்றாகத் தைத்தேன். தைத்த இடத்தில் அவர் சொல்லாத காரணத்தை வைத்தேன். மரணம் அவருக்குச் செலவைக் கொண்டுவரவில்லை, கேட்பதற்கு இடம் கொடுத்தது. என் ஆய்வின் பதிலே அங்கேதான் கிடந்தது. முறையை மாற்றிக் கேட்பதற்குக் காசுக் கஷ்டம் மட்டும் போதாது, கேட்பதைத் தடுக்கிற ஒருவர் வீட்டில் இல்லாமல் இருக்கவும் வேணும். அல்லது என் அம்மாவைப் போல, தடுக்கிற அந்த ஆள் நமக்குள்ளேயே இருப்பார். இதை நான் கிட்டத்தட்ட ஒரு 'காரணமாக' என்ற சொல்லுக்குள் புதைத்துவிட்டேன்.

அதற்காக எல்லா வசனத்தையும் நாலு சொல்லில் வெட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெட்டுவதிலும் ஒளிந்துகொள்ளலாம். 'விலை ஏறியது. சீட்டு உடையவில்லை.' இப்படி எழுதிவிட்டு, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை வாசகர் தலையில் போட்டுவிட்டு நான் தப்பலாம். 'விலை ஏறியபோதும் சீட்டு உடையவில்லை' என்று சேர்த்தால், உடைந்திருக்கவேணும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தொடர்பு கையில் இருந்தால் சேர்க்கவேணும். இல்லையென்றால் புள்ளி வைத்துவிட்டு, போய்க் கேட்கவேணும். 'ஆல்', 'ஆக', 'ஓடு', 'உம்' எல்லாம் சும்மா ஒட்டுகிற பசை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வாதம்.

சில நண்பர்கள் சொல்கிறார்கள், இப்படி எழுதினால் 'ஆய்வு மொழி' இல்லை என்று புள்ளி குறைப்பார்கள் என்று. குறைக்கலாம். அந்தப் பயம் பொய் இல்லை, வகுப்புச் சித்தியைப் பொறுத்துத்தான் எங்கட வேலையும் இருக்கிறது. ஆனால் சிறப்புத் தேர்ச்சி எடுத்த எத்தனை ஆய்வேடுகள் நூலக றாக்கையில் திறக்கப்படாமல் கிடக்கின்றன? எங்கட ஊர்களைப் பற்றித் தமிழில், எங்கட கையால் எழுதப்படுகிற ஆய்வுகள் அவை. அந்த ஊர்ச்சனமே வாசித்து 'ஓம், இது சரி' அல்லது 'இல்லைப் பிள்ளை, இது பிழை' என்று சொல்லமுடியாத மொழியில் எழுதிவைத்துவிட்டு, சமூகத்துக்குப் பயன்படும் என்று முன்னுரையில் போடுவது நியாயமா?

நீங்களும் இந்த வருடம் முன்மொழிவு எழுதுகிறவர் என்றால், செலவில்லாத இரண்டு வேலை சொல்கிறேன். தலைப்பைக் கேள்வியாக மாற்றி அம்மாவிடமோ மாமாவிடமோ கேளுங்கள். அவர்கள் உடனே ஒரு பதில் சொன்னால், அந்தப் பதில் உங்கட எதிர்பார்ப்போடு முட்டினால், அது நல்ல கேள்வி. 'அதைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது' என்றால் இன்னும் தலைப்புத்தான். பிறகு எழுதிய ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் நிறுத்தி, ஆர் என்ன செய்தார் என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் அங்கே வசனம் நீளம் என்பதல்ல பிரச்சினை, உங்களுக்கு இன்னும் தெரியாது.

நான் அந்த வரியைத் திருத்திவிட்டேன். இப்போது ஆய்வேட்டில் அன்ரி சொன்னபடியே இருக்கிறது, நடுவில் புள்ளியோடு. அதைப் போன கிழமை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரைவாசி புதுத்தகரம், அரைவாசி பழைய தகரமாக இருக்கிற அதே குசினியில். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அம்மா கேட்டா: "அப்ப என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய்?"

'அம்மா கேட்கவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஏன் என்று இன்னும் எழுதவில்லை. அதை எழுதுவதற்கு அம்மாவிடம் இன்னொருதரம் இருந்து கேட்கவேணும்.