பாட்டி சொன்னதும் வரலாறுதான்



போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டின் படத்தைப் போட்டுப் பெருமைப்பட்டோம். நம் கிழவிகள் சொல்லும் ஏரிக் கதைகளையும் எழுதி வைக்கலாமே என்று அதன் கீழே கேட்டேன். "பாட்டி கதையெல்லாம் வரலாறாகுமா சார்?" என்று ஒரு பழைய மாணவர் கேட்டார். பலர் அதற்குச் சிரித்தீர்கள். அங்கே பேசாமல் இருந்தேன். இங்கே பதில் சொல்கிறேன்.

அந்தக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஆண்டு கி.பி. 919, 921. முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று அத்தனையும் அதில் உண்டு. உறுப்பினராக வயது 35 முதல் 70 வரை இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். வியக்கத்தக்க ஆவணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏரிக்கு மண் சுமந்தவள், நாற்று நட்டவள், ராத்திரியில் மடை காத்த நீர்க்கட்டி, இவர்கள் குரல் அந்தக் கல்லில் எங்கே இருக்கிறது? அது நடவுப் பாட்டிலும் ஒப்பாரியிலும் திண்ணைப் பேச்சிலும்தான் இருந்தது.

"கிழவிகள் தேதியைத் தப்பாகச் சொல்வார்களே" என்பீர்கள். சொல்வார்கள்தான். தேதியைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தாது வருஷப் பஞ்சம் 1876-78 என்று புத்தகம் சொல்லும். அந்தப் பஞ்சத்தில் உங்கள் குடும்பம் எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றது, யார் ஊரை விட்டுப் போனார்கள் என்று எந்தப் புத்தகம் சொல்லும்?

அயர்லாந்து நம்மைப் போலவே வெள்ளையர் ஆட்சியையும் பஞ்சத்தையும் கண்ட நாடு. அங்கே 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் ஒரு வேலை நடந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாகத் தாத்தா பாட்டியிடம் கேட்ட கதை, வைத்தியம், ஊர்ப்பெயர், பஞ்ச நினைவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார்கள். அந்த நோட்டுகளை இன்றும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் (University College Dublin) பாதுகாக்கிறார்கள். இணையத்திலும் படிக்கலாம். எழுதியவர்கள் பேராசிரியர்கள் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். வழி காட்டியவர்கள் என்னைப் போன்ற வாத்தியார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பல வருடங்களுக்கு முன்னால், ஏரியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் மதகு உடைந்த ராத்திரியைப் பற்றித் தன் ஆயா சொன்னதை இரண்டு பக்கம் எழுதியிருந்தான். "பாடத்தில் இருப்பதை எழுது" என்று சிவப்பு மையால் அடித்தேன். அந்த ஆயா போய்ச் சேர்ந்துவிட்டார். நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். இப்போது அந்த ராத்திரியை எனக்கு யார் சொல்வார்கள்? ஆகவே சிரித்த உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அந்தச் சிரிப்பைச் சொல்லிக் கொடுத்ததே என்னைப் போன்றவர்கள்தான்.

ஏற்றம் போய் பம்புசெட் வந்தது, ஏற்றப் பாட்டும் கூடவே போயிற்று. மிச்சம் இருப்பது எண்பது தாண்டிய சில பேர். உங்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கரும்போடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பாட்டி பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, "ஆயா, நீ நாற்று நடப் போன காலத்தில் என்ன பாடுவீங்க?" என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள், திருத்தாதீர்கள். பெயர், ஊர், தேதி போட்டு எனக்கு அனுப்புங்கள். நான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த முறை சிவப்பு மை கிடையாது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்