அம்மாவுக்குத் தூக்கம் வரலையா? தேவை ஆப் அல்ல, தமிழில் ஒரு போன் கால்

‘ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. உடம்பெல்லாம் எரியுது, வேர்த்துக் கொட்டுது. அப்புறம் விடியுற வரைக்கும் தூக்கமே இல்லை.’ பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ இருக்கும் அம்மா, பெங்களூருவில் வேலை பார்க்கும் பிள்ளையிடம் போனில் இப்படிச் சொல்வார். ‘வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் திடீர் சூடும் வியர்வையும் தூக்கத்தைக் கலைக்கும். அது தொடக்கம்தான். ‘நேத்து தூங்கலையே’ என்று எட்டரைக்கே படுப்பது, மதியம் கண் அசருவது, ராத்திரி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுவது என்று சேர்ந்துகொள்ளும் பழக்கங்கள்தான் பிரச்சினையை வருடக்கணக்கில் இழுக்கின்றன.

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, கை வைப்பது இந்தப் பழக்கங்களில்தான். மாத்திரை கிடையாது. முதலில் ஒரு வாரம் தூக்கக் கணக்கு எழுத வேண்டும். எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால், படுக்கும் நேரத்தையே ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைப்பார்கள். காலை ஐந்துக்கு எழுபவர் பதினொன்றரைக்குத்தான் படுக்க வேண்டும். கேட்க அநியாயமாக இருக்கும், முதல் இரண்டு வாரம் கஷ்டமாகவும் இருக்கும். ஆனால் தூக்கம் ஒரே தொடராக மாறும். அதன்பின் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை இதுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-லேயே சொல்லிவிட்டது. பிரிட்டனில் இதற்கான ஓர் ஆப்பையே 2022-ல் பரிந்துரைத்தார்கள். நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தமானது 2016-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் இருந்த, நின்றுபோன 106 பெண்கள். எட்டு வாரத்தில் ஆறே போன் கால்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள். எட்டாவது வாரத்தில் சிபிடி பெற்றவர்களில் 70 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மை அநேகமாக நீங்கியிருந்தது. மாதவிடாய் நிற்பது பற்றிய தகவல்களை மட்டும் போனில் கேட்டவர்களில் அது 24 சதவீதம். உடல் சூடு வருவது பெரிதாகக் குறையவில்லை. அது படுத்தும் பாடு குறைந்தது. அழைத்துப் பேசிய இருவருக்கும் தூக்கமின்மைக்குச் சிகிச்சை தந்த முன் அனுபவம் கிடையாது. பயிற்சி கொடுத்தார்கள், செய்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்ட் 5 அன்று, பழைய தர்மபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மகளிர் தன்னார்வலர், ‘ராத்திரி தூங்குறீங்களாக்கா?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் என்ன? ஆமாம், அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்தான். கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். வாராவாரம் அழைத்துப் பேச, பயிற்சி பெற்ற தமிழ் ஆலோசகர்கள் தனியாக வேண்டும்.

ஆலோசகருக்கு ஊரும் தெரிய வேண்டும். ‘இருபது நிமிஷத்தில் தூக்கம் வரலைன்னா வேறு ரூமுக்குப் போங்க’ என்பது சிபிடியின் முக்கிய விதி. ஒரே அறையில் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் எந்த ரூமுக்குப் போவது? திண்ணையில் உட்காரச் சொல்லலாம். ராத்திரி தனியாக வெளியே வரப் பயம் என்றால் பாயைச் சுருட்டிவிட்டுச் சுவரோரம் உட்காரச் சொல்லலாம். நாலரைக்குப் பால் கறக்க எழுபவரிடம் ஆறு மணி வரை தூங்குங்கள் என்று சொல்ல முடியாது. அவருக்குக் கணக்கையே நாலரையிலிருந்துதான் போட வேண்டும். ஆங்கில ஆப் இதையெல்லாம் எங்கே கேட்கப் போகிறது? வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலை ஊர்களில் வீடியோ கால் நிற்குமா என்பதே சந்தேகம். பட்டன் போன் போதும் என்பதுதான் இந்த முறையின் பலம்.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண்ணான 14416-ஐ இப்போதே அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசலாம். மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு ஆறு வாரத் தூக்க ஆலோசனையை அதன் வழியாகவே தர்மபுரியில் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் கோரிக்கை.

அதுவரை மெடிக்கலில் ‘தூக்க மாத்திரை ஒண்ணு குடுங்க’ என்று வாங்கித் தராதீர்கள். அல்பிரசோலம் போன்றவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. பலத்த குறட்டை, தைராய்டு, தீராத மனச்சோர்வு, வலிப்பு இருந்தால் படுக்கும் நேரத்தைக் குறைக்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தப்போக்கு வந்தால் உடனே பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுங்கள். எப்போது படுத்தார், எத்தனை முறை முழித்தார், எப்போது எழுந்தார் என்பதை மறுநாள் காலையில் எழுதினால் போதும். எழுத வராதென்றால் காலையில் நீங்கள் போன் பண்ணிக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.