ஏற்ற பயனுக்கு ஈடு எங்கே?



பழுப்பு நிலக்கரியைத் தோண்டியெடுத்து இருளை ஓட்டும் நெய்வேலியில், ஒப்பந்தக்காரரும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியும் உண்டு. ஒப்பந்தக்காரர் ஒருவர் அரசையே எதிர்த்து வென்ற வழக்கைக் கேளுங்கள். தொழிலாளிக்கும் அதிலே பாடம் இருக்கிறது.

ஆண்டு 1944. பஞ்சம் வாட்டிய வங்கம். ஹூக்ளி மாவட்டத்து ஆரம்பாக்கில், மாகாண அரசின் குடிமைப் பொருள் வழங்கல் துறைக்காக அதிகாரிகள் பணித்தனர், பி. கே. மண்டல் நிறுவனம் கட்டியது. சேமிப்புக் கொட்டகை, பாதை, காவல் அறை, சமையற்கூடம் யாவும் எழுந்தன. அரசு ஏற்றது, பயன்படுத்தியது. 19,000 ரூபாய்க்கு மேல் வரவேண்டிய பாக்கியைக் கேட்டதும் கையை விரித்தது!

"ஆளுநர் பெயரால் ஒப்பந்தம் எழுதப்பட்டதா? அதிகாரம் பெற்றவர் ஒப்பமிட்டாரா? 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 175(3) பிரிவைப் பாரும்!" என்றது.

கொட்டகைக்குள் நுழைகையில் மறந்திருந்த சட்டம், கணக்குத் தீர்க்கையில் நினைவுக்கு வந்தது!

கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தோற்ற அரசு, உச்சநீதிமன்றம் சென்றது. 1961 டிசம்பரில் அங்கும் தோற்றது. ஒப்பந்தம் செல்லாதுதான், ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு செல்லும் என்றார் நீதிபதி கஜேந்திரகட்கர். இலவசமாக அல்லாமல், முறைப்படி ஒருவர் செய்த பணியை, மறுக்க வழியிருந்தும் ஏற்றுப் பயன் துய்த்தவர் ஈடு தந்தாக வேண்டும். அவர் அரசே ஆயினும்!

இதே நியாயம் தொழிலாளிக்கு மட்டும் கசப்பாவது ஏன்? "அவன் எம் ஆளல்லன், ஒப்பந்தக்காரரின் ஆள்" என்பது ஒப்பந்த முறை நிலவும் இடமெல்லாம் ஒலிக்கும் பல்லவி. அந்த வேதனைதான் 2010இல் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் இறக்கியது. 2001இல் உச்சநீதிமன்றம், ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. ஆயினும் கூலியை எவரும் மறுத்ததில்லை. ஒப்பந்தக்காரர் தராவிடில் முதன்மை நிறுவனமே தந்து, பின் அவரிடம் பெற்றுக்கொள்க என்று 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவே எழுதி வைத்தது.

வேலை செய்தது 1944. தீர்ப்பு வந்தது 1961. பதினேழு ஆண்டு காத்திருக்க மண்டல் நிறுவனத்தால் முடிந்தது. பதினேழு நாள் காத்திருக்குமா தொழிலாளியின் உலை?

ஆகவே தோழர்களே, வருகைப் பதிவையும் கூலிச் சீட்டையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்; பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். சான்று நீதிமன்றம் ஏறும். சங்கம் உடன் நின்றால், அது விரைந்தும் ஏறும்!